நாலாவது முடிச்சு

வண்டிப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. வெள்ளை வண்டி. நாலு கதவு. பின்பக்கம் பெட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்காது, அங்கனயே வெட்டி விட்டாப்புல மொட்டையா இருக்கும். போதுமா? போதாதா? நீ இப்படிக் கேப்பேன்னு தெரிஞ்சுதான் அளவு எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தா, இந்த மஞ்சப் பையைப் பிரி.

சிரிக்காத. சேலைதான். பழைய சேலை, துவைச்சதுதான். முந்தியில இருந்து அளக்கணும், கேட்டியா. கடைசியில கெடக்கு பாரு ஒரு முடிச்சு, அது நீளம். நடுவுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முடிச்சு இருக்கா? பெரிசு அகலம், சின்னது உசரம். கயிறு வச்சு அளந்தா கயிறு நீண்டு போவும். சேலை பொய் சொல்லாது. எங்க சங்கரன்கோயில்ல தறி ஓட்டுறவன் வீட்டுல எல்லாம் இப்படித்தான் அளப்போம்.

எது? முந்திக்குக் கிட்டக்க இருக்கிற இந்தச் சின்ன முடிச்சா? அது கெடக்கட்டும். பொறவு சொல்லுதேன்.

ஆச்சின்னு கூப்பிடுத. கூப்பிடு, கூப்பிடு, கோவம் இல்ல. எனக்கு அம்பத்தெட்டுதான் ஆவுது. முடி இப்படிப் பஞ்சாப் போனது இந்த ஒன்றரை வருசத்துலதான்.

வெயிலுக்கா மழைக்கான்னா கேக்க? ரெண்டுக்கும் இல்ல தம்பி. வெயிலும் மழையும் அதுபாட்டுக்கு அடிச்சுட்டுப் போவட்டும். தீப்பிடிக்காத கவரு இருக்கா உங்கிட்ட?

ஏன் அப்படிப் பாக்க? கடை வச்சிருக்க, கேட்டா இருக்கு இல்லன்னு சொல்லணும். டீ எல்லாம் வேண்டாம். சரி, சொல்லிட்ட, வாங்கு. சீனி கொறச்சு. எம் பேரு ஆவுடையம்மா. ஆவுடையம்மா டீ வேண்டாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம்னு எங்க உலகநாதன் சொல்லுவான். எதுத்த வீட்டுக்காரன். கூடப் பொறக்கல, அவ்வளவுதான். ‘அக்கா, அக்கா’ன்னு நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுவான். தறிக்குப் போயிட்டு வருவான், உடம்பெல்லாம் பஞ்சா ஒட்டியிருக்கும். வாசப்படியில நின்னு தோள்ல கெடக்குற துண்டை எடுத்து பட்டு பட்டுன்னு நாலு உதறு உதறிட்டுத்தான் உள்ள போவான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன். மணி பாக்குறது இல்ல.

அவன் இல்ல இப்போ. இந்த வண்டியாலதான் போனான்.

ஆமா. அந்த வண்டிக்குத்தான் கவரு கேக்கேன். வேண்டாம்னா சொல்லிரு, நான் அடுத்த கடைக்குப் போறேன். எங்க ஊர்க் கடையில கேட்டேன், ‘அந்த வண்டிக்கா?’ன்னு கேட்டுட்டு உள்ள போனவன் வெளியவே வரல. அதான் பஸ் ஏறித் திருநெவேலி வந்தேன்.

உக்காரவா? சரி.

எம் மவன் கோமதிநாயகம். நைட்டி மூட்டையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயே மலையாளத்துப் பக்கம் போய் யாவாரம் பாத்துட்டு வருவான். மூட்டை சொமந்து சொமந்து ஒரு தோளு சரிஞ்சு போச்சு அவனுக்கு. பழைய வண்டி ஒண்ணு தோதா வருதுன்னான். எடுத்தா உன் பேர்லதாம்மா எடுப்பேன்னுட்டான். நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி. அந்தக் கையெழுத்து எனக்குக் கழுத்துக்கயிறு ஆவும்னு அப்போ யாருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம். கோயில்ல பூசை போட்டு, புத்துமண்ணு வாங்கி வண்டி நெத்தியில வச்சு, எங்க தெருவுக்குக் கொண்டு வந்தாச்சு. எங்க தெரு முட்டுச்சந்து. கடைசியில சுவரு. சுவத்துக்கு முன்னால எங்க வீடும் உலகநாதன் வீடும் எதுத்தெதுத்தாப்புல. வண்டி மூக்கைச் சுவத்தைப் பாத்து விட்டாச்சு. நாலு டயருக்கு முன்னாலயும் நாலு எலுமிச்சம்பழம். உனக்குத் தெரியாததா, உன் கடை வாசல்ல நெதம் நடக்குறதுதானே. வண்டி ஒரு முழம் முன்னால ஏறணும், பழம் நாலும் நசுங்கணும், கண்ணேறு கழிஞ்சுது.

மூணு பழம் நசுங்கிச்சு. ஒண்ணு நசுங்கல. பின்னால, இடது பக்கத்துப் பழம். டயரு பட்டதும் வழுக்கி உருண்டு போச்சு.

அது ஆவுமா, சொல்லு? மூணு நசுங்கி ஒண்ணு தப்பினா ஆவுமா? மனசுக்கு எப்படி இருக்கும்? உலகநாதன்தான், ‘பதறாதீக அக்கா, நான் வச்சுத் தாறேன்’னு பழத்தை எடுத்துக்கிட்டுப் பின்னால போனான். டயருக்குப் பின்பக்கமா ஒட்டி வைக்கக் குனிஞ்சான். கூட்டத்துல யாரோ ‘பின்னால எடுடே, பின்னால எடு’ன்னு சத்தம் குடுத்தாவ. யாருன்னு எப்படிச் சொல்ல, எல்லாரும்தான் பேசிக்கிட்டு நின்னோம். எம் மவன் வண்டி ஓட்டிப் படிச்சுப் பத்து நாளுதான். காலை வச்சான். வண்டி பொசுக்குன்னு பின்னால துள்ளுச்சு.

ரொம்பச் சொல்லல தம்பி. நீ டீயைக் குடி.

ஒண்ணு சொல்லுதேன். அந்தப் பழம் கடைசி வரைக்கும் நசுங்கவே இல்ல. முழுசா, மஞ்சளா, அவன் கை பக்கத்துல கெடந்துது.

பொறவு கேசு. போலீசுல, ‘யார் சொல்லி வண்டியைப் பின்னால எடுத்த?’ன்னு கேட்டாவளாம். ‘யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்தேன்’னு சொல்லிட்டான் எம் மவன். ஊரே கேட்டுது, ஏம்ல அப்படிச் சொன்ன, யாரோ சொன்னதை நாங்களும்தானே கேட்டோம்னு. சொன்னதையேதான் திரும்பச் சொன்னான். அவன் அப்படித்தான். சின்னதுலயே யாரையும் காட்டிக் குடுக்க மாட்டான்.

வண்டியைக் கோர்ட்டு மூலமா எங்கிட்டக் குடுத்தாவ. எம் பேர்லதானே இருக்கு. குடுக்கும்போது ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாவ. வக்கீலு படிச்சுச் சொன்னாரு. வண்டியை விக்கக் கூடாது. நெறம் மாத்தக் கூடாது. சேதம் ஆவாமப் பாத்துக்கிடணும். எப்போ கேட்டாலும் கொண்டாந்து காட்டணும். ‘ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க மவன் கேசுக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல’ன்னாரு. நான் கேட்டேன், ‘ஐயா, உயிரைக் காப்பாத்தாத வண்டியோட உயிரை நான் காப்பாத்தணுமா?’ன்னு. அவரு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு.

எங்க கொண்டு நிறுத்த? கல்யாண மண்டபத்துக்காரர்கிட்ட கேட்டேன். ‘நல்லது நடக்குற இடம்மா’ன்னாரு. லாரி ஷெட்டுல கேட்டேன். ‘வேற வண்டிக்காரன்லாம் விலகிப் போயிருவான்’னாவ. உயிர் எடுத்த வண்டிக்கு ஊருல ஒரு சாண் எடம் இல்ல. கட்டி இழுத்துட்டு வந்த வண்டிக்காரன் எங்க தெரு முனையில நின்னுக்கிட்டு எங்கன விடன்னு கேட்டான். வேற எங்கன விடச் சொல்ல? முன்ன நின்ன எடத்துலயே விட்டுட்டுப் போயிட்டான். அச்சு மாறாம. அந்தப் பின் டயரு அதே எடத்துல வந்து உக்காந்துச்சு.

உலகநாதன் பொண்டாட்டி செண்பகம். காலையில கதவைத் தொறந்தா அந்த வண்டி மேலதான் முழிக்கணும். ஒரு மவ, பேச்சிக்குட்டி, ஏழு வயசு. இப்போ தெரியுதா, நான் எதுக்குக் கவரு தேடுதேன்னு? வண்டிக்கா தேடுதேன்? அந்தப் பிள்ளை கண்ணுல படக் கூடாதுன்னுதான் தேடுதேன்.

இது நாலாவது கவரு தம்பி.

முதல்ல தார்ப்பாய். நீலக் கலரு. தறி ஷெட்டுல கெடந்ததை வாங்கிப் போத்தி, கயிறு போட்டு நாலு பக்கமும் கட்டிட்டேன். ஆடி பொறந்துச்சு. எங்க ஊரு ஆடிக்காத்து உனக்குத் தெரியுமே, ஆளையே தள்ளிட்டுப் போவும். தார்ப்பாயோட ஒரு முனை அவுந்து போச்சு. பட்டு... பட்டு... பட்டுன்னு அடிக்குது. நானும் பெரிசா எடுத்துக்கிடல. ஒரு நாள் சாயங்காலம் பேச்சிக்குட்டி வீட்டுக்குள்ள இருந்து ஓடியாந்து படியில நிக்கா. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு உள்ள போறா. திரும்ப பட்டு பட்டுங்குது, திரும்ப ஓடியாறா. மூணாவது தடவைதான் எனக்கு வெளங்குச்சு. துண்டு உதறுற சத்தம் தம்பி. அப்படியே அச்சு அசலா அதே சத்தம்.

அன்னைக்கே தார்ப்பாயை உருவிச் சுருட்டி எறிஞ்சேன்.

ரெண்டாவது, வெள்ளி நெறத்துல துணி மாதிரி ஒண்ணு. எங்க அண்ணன் மவன் மதுரையில வாங்கிக் குடுத்தான். லேசு, மெத்துனு இருந்துச்சு. போத்திட்டு நாலடி பின்னால போய் நின்னு பாத்தேன். ஐயோ. கோடித்துணி போட்டுக் கெடத்துன மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தலை, வயிறு, காலுன்னுதான் தெரியுது. சரி, நமக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நெனைச்சேன். மறுநாள்ல இருந்து செண்பகம் முன்கதவைத் தொறக்கல. பின்னால சாக்கடை ஓரமா சுத்திப் போறா, வாறா. வாசல்ல கோலம் இல்ல. நல்ல கைகாரி அவ, கோலப்பொடியை எடுத்தா தெருவே நின்னு பாக்கும். எல்லாம் போச்சு.

அதையும் உருவுனேன். இப்போ எங்க வீட்டுல நெல்லு மூட்டை மேல கெடக்கு.

மூணாவது, சாம்பக் கலரு. அடியில ரப்பர் போட்டு இறுக்கிப் பிடிக்குமே, அது. உன் கடையிலயும் தொங்குது பாரு, அந்தா அது. காத்து அடிச்சா சத்தம் இல்ல. பாத்தா பொணம் மாதிரியும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. செண்பகம் முன்கதவைத் தொறந்தா. எனக்கு அன்னைக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் பாக்கேன், பின் டயருகிட்ட, இடது பக்கம், கவருல ஒரு சாண் அகலத்துக்கு வெட்டு. பூனை பிறாண்டுன மாதிரி இல்ல, எலி கடிச்ச மாதிரியும் இல்ல. கத்திரி போட்ட வெட்டு. எனக்கு வந்துது பாரு ஆத்திரம். நான் இங்கன ஒவ்வொரு கவரா தேடித் தேடிப் போத்திக்கிட்டு இருக்கேன், எவளோ வந்து வெட்டுதாளேன்னு. சன்னலுக்குப் பின்னால உக்காந்து காவக் காத்தேன்.

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு. செண்பகம் வந்தா. கையில அகல் விளக்கு. வண்டிக்குப் பின்னால வந்து குத்த வச்சு உக்காந்தா. அந்த வெட்டுக்குள்ள கையை விட்டு, டயரு ஓரத்துல தரையைக் கையால தூத்தா. துடைச்சுட்டு விளக்கை வச்சா. ஒரு பூ. ஒரு வில்லைச் சூடம். கும்பிடக்கூட இல்ல தம்பி. சும்மா பாத்துக்கிட்டு இருந்தா. புருசன் விழுந்த எடம் அது. அது மேலதானே நான் ஒண்ணு மாத்தி ஒண்ணாப் போத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

நீ ஏன் தலையைக் கவுத்துக்கிட? கேளு.

வாரா வாரம் விளக்கு. நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். வண்டிக்கு அடியில நெருப்பு. பெட்ரோல் எவ்வளவு கெடக்கோ தெரியாது. ஒரு குடம் தண்ணியை எடுத்து வச்சுக்கிட்டு சன்னலுக்குப் பின்னால நிப்பேன். விளக்கு தானா அணையும். குடத்தைத் திரும்ப அடுக்களையில கொண்டு வைப்பேன். அதான் எங்க வெள்ளிக்கிழமை.

போன வாரம் காத்து. சுடர் சாஞ்சு அந்த வெட்டு ஓரத்துல பட்டுட்டு. பிளாஸ்டிக்குதானே, பொசுபொசுன்னு உருகி ஏறுது. புகை. வண்டி எரிஞ்சா பத்திரம் எரிஞ்சுது, எம் மவன் கேசு எரிஞ்சுது. நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். ஒரே வீச்சு. தீ அணைஞ்சுட்டு.

விளக்கும் அணைஞ்சுட்டு.

செண்பகம் அங்கனயே உக்காந்திருந்தா. சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஏறிட்டுப் பாத்தா. ஒன்றரை வருசத்துல முதத் தடவையா என் மூஞ்சியைப் பாக்கா. பாத்துட்டு, ‘அணைச்சிட்டீங்களா மதினி’ன்னு கேட்டா.

அவ்வளவுதான். ஏசல. மண்ணை வாரித் தூத்தல. ‘மதினி’ன்னுதான் சொன்னா. அந்த அகலை எடுத்து முந்தியில துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. நாலு அறை அறைஞ்சிருந்தா நான் பொழைச்சிருப்பேன் தம்பி.

என்ன சொல்லுத? வண்டியை ரெண்டு முழம் தள்ளிட்டாப் போதுமேங்குதியா? அடேயப்பா. இது எனக்குத் தோணாமப் போச்சு பாரு! திருநெவேலிக்காரன் மூளையே மூளை.

கோவிச்சுக்கிடாத. தள்ளாமலா இருப்பேன். விளக்கைக் கண்ட மறுவாரமே தறிக்காரப் பயலுக நாலு பேரைக் காலுல விழாத குறையாக் கூட்டியாந்தேன். முன்னால சுவரு, அதனால பின்னாலதான் தள்ளணும். உள்ள ஒருத்தன் உக்காந்து அந்தச் சக்கரத்தைப் பிடிக்கணும்னாவ. எவன் உக்காருவான்? எம் மவன்கிட்ட சொன்னேன். அவன் அந்த வண்டியைத் தொட்டு ஒரு வருசம் ஆச்சு. சோறு வைக்கும்போது சொன்னேன், தண்ணி வைக்கும்போது சொன்னேன். ‘அவ விளக்கு வைக்க எடம் வேணும்டே, இது ஒண்ணு மட்டும் செஞ்சிரு’ன்னேன். சரின்னு வந்தான். கதவைத் தொறந்து உக்காந்தான். சக்கரத்தைப் பிடிச்சான். நாலு பேரும் முன்னால நின்னு கை வச்சுட்டானுவ. பின்னால பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா? வேற யாரும் அங்கன நிக்க மாட்டேனுட்டாவ. நான் நின்னேன்.

நின்னு, பின்னால யாரும் இல்ல, பூனைகூட இல்லன்னு நல்லாப் பாத்துட்டு, சத்தம் குடுத்தேன். ‘பின்னால எடுடே, பின்னால எடு’ன்னு.

அந்தால பிரேக்கை மிதிச்சு நிறுத்திட்டான். கண்ணாடி வழியா என்னையப் பாத்தான். எப்படிப் பாத்தான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. கை பிரேக்கை இழுத்தான். கதவைப் பூட்டுனான். சாவியைச் சட்டைப் பையில போட்டான். என்னையத் தாண்டித்தான் நடந்து போனான். கடைக்குப் போறான்னு நெனைச்சேன்.

நாலு மாசம் ஆச்சு. கொல்லத்துல பாத்ததா ஒருத்தர் சொல்லுதாவ. போனு எடுக்க மாட்டேங்கான். சாவியும் அவங்கிட்டதான், வண்டியை இனி எப்படித் தள்ள? போன வாய்தாவுக்கு வரல, வாரண்டு போட்டுட்டாவ. அடுத்த வாய்தா வர்ற பன்னெண்டாம் தேதி. வருவான். வந்துருவான். அவன் அப்படி விட்டுட்டுப் போறவன் இல்ல.

அன்னைக்குப் பழத்துக்குச் சத்தம் குடுத்தது யாருன்னு நீ கேக்கல பாரு, அதுக்கே நீ நல்லா இருக்கணும். எனக்குப் பழம் உருண்டு போனதுதான் தம்பி கண்ணுல நின்னுது. அவன் குனிஞ்சதைப் பாத்தேன். வச்சுட்டு எந்திரிச்சிருப்பான்னு நெனைச்சேன். மூணு நசுங்கி ஒண்ணு நசுங்கலன்னா மனசு என்ன பாடு படும், நீயே சொல்லு.

செண்பகத்துக்கிட்டப் பேசுனியான்னா கேக்க?

எப்படிப் பேச? செத்த வீட்டுல போய்த் துஷ்டி கேக்கவே இல்ல நாங்க. ‘போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், போகாதீக’ன்னாரு வக்கீலு. சரி, நாலு நாள் கழிச்சுப் போவோம்னேன். அவ அண்ணன்மாரு அருவாளோட இருக்காவன்னு சொன்னாவ. சரி, பதினாறாம் நாளு விசேசத்துக்குப் போயிருவோம்னேன். அன்னைக்குச் சேலை மாத்திக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன் தம்பி. எட்டு எட்டு வச்சா அவ வீடு. எம் மவன் திண்ணமாச் சொன்னான், ‘நீ போம்மா, நானும் வாறேன்’னு. நான்தான், ‘வேண்டாம்டே, வக்கீலு வையுவாரு’ன்னு சேலையை அவுத்து மடிச்சு வச்சேன். பதினாறு கழிஞ்சுட்டுன்னா பொறவு என்னன்னு போய் நிக்க? துஷ்டிக்கும் ஒரு நாளு கணக்கு இருக்குல்லா? அவ வந்து ‘மதினி’ன்னு உக்காந்தா நான் பேச மாட்டேன்னா சொல்லப் போறேன்? அவளும்தான் வரல.

சரி, விடு. ஊர்க்கதை. கவரை எடு.

இது கனமா இருக்கு. ஊம், அடிச்சா சத்தம் வராது. இது என்ன கலரு, மண்ணு கலரா? இதை எடு. தெருவோட தெருவாக் கெடக்கும். தீ பிடிக்குமா? உண்மையைச் சொல்லு. பிடிக்குமா. எல்லாமே பிடிக்கும்னா அப்படியே சொல்லிரு, பொய் சொல்லி வித்துராத. பிடிக்கும். சரி. எனக்கும் தெரியும். தீப்பிடிக்காத துணின்னு ஒண்ணு இருந்தா எவ்வளவோ பேரு பொழைச்சிருப்பாவ.

அப்போ ஒண்ணு செய்யணும் நீ. பின்னால தையல் மிசின் ஓடுற சத்தம் கேக்குதுல்லா, சீட்டுக்கு உறை தைக்கிற மிசினா? அதுல ஒரு வேலை.

இப்போ அந்தச் சின்ன முடிச்சை எடு. முந்திக்குக் கிட்டக்க இருக்குதுன்னு கேட்டியே. வண்டியோட பின்பக்கத்துல இருந்து அந்த டயரு இருக்கிற எடம் வரைக்கும் உள்ள அளவு அது. இடது பக்கம். அந்த எடத்துல, தரையில இருந்து ஒரு முழத்துக்கு, வாசல் மாதிரி வெட்டி விடு. அகலம் ஒரு சாண் போதாது, ரெண்டு சாண் வை. அவ கை உள்ள போவணும், விளக்கு உள்ள போவணும், காத்து அடிச்சாலும் சுடர் துணியில படக் கூடாது. அதுக்குத்தான் அளவு. வெட்டுன ஓரத்தை மடிச்சு ரெண்டு தையல் போடு. அவ வெட்டுனது நூல் நூலாப் பிரிஞ்சு தொங்குச்சு, அதுலதான் தீ ஏறுச்சு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதனால இன்னைக்கே கொண்டு போயாவணும். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, நான் இந்த ஸ்டூலுலயே இருக்கேன். நீ தை.

நாளைக்கும் குடத்தோடதான் நிப்பேன். ஆனா அள்ளி ஊத்த வேண்டி வராது. வரக் கூடாது.

என்னது, ஓரத்துக்குச் சிவப்பு நூலா? எடுப்பா இருக்குமா? வேண்டாம் வேண்டாம். எடுப்பா எல்லாம் இருக்கக் கூடாது. கவரு என்ன கலரோ அதே கலரு நூல் போடு. மிசின்ல தச்ச மாதிரியே நேரா இருக்கணும், கோணக் கூடாது. நான் சொல்லித் தச்சதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது தம்பி. இந்தக் கவரு கடையிலயே இப்படி ஓட்டையோடதான் வருதுன்னு நெனைச்சுக்கிடட்டும்.